நடுக்கோடும் நீரடுக்கும்: தங்கனீக்கா ஏரியின் புவியியல்

கிழக்கு ஆப்பிரிக்காவில் வடக்குத் தெற்காக ஏறத்தாழ 670 கிலோமீட்டர் நீண்டும், சராசரியாக 50 கிலோமீட்டர் அகலமே கொண்டும் கிடக்கும் தங்கனீக்கா ஏரி, உலகின் நன்னீர் ஏரிகளுள் நீளத்தில் முதலாவதும், ஆழத்திலும் கொள்ளளவிலும் சைபீரியாவின் பைக்கால் ஏரிக்கு அடுத்த இரண்டாவதும் ஆகும். அதன் பரப்பு சுமார் 32,900 சதுர கிலோமீட்டர். மிக ஆழமான இடத்தில் அளவு 1,470 மீட்டர். அதில் அடங்கியுள்ள நீர் ஏறத்தாழ 18,900 கன கிலோமீட்டர், அதாவது உலகின் நிலப்பரப்பின் மேல் உறையாத நிலையில் இருக்கும் நன்னீரில் சுமார் ஆறில் ஒரு பங்கு. மேற்குக் கரை ஏறத்தாழ முழுவதும் காங்கோ மக்களாட்சிக் குடியரசுக்கும், கிழக்குக் கரையின் பெரும்பகுதி தான்சானியாவுக்கும், வடகிழக்கு மூலை புருண்டிக்கும், தெற்கு முனை சாம்பியாவுக்கும் உரியவை. நீர்ப்பரப்பில் புருண்டியின் பங்கு சுமார் 8 விழுக்காடு, சாம்பியாவின் பங்கு சுமார் 6 விழுக்காடு. எஞ்சியது முழுவதும் காங்கோவுக்கும் தான்சானியாவுக்கும் இடையே பிரிகிறது.

நிலப்படத்தைப் பார்ப்பவருக்கு இந்த ஏரி நான்கு துண்டுகளாகத் தெரியும். அந்தத் துண்டுகளைப் பிரிக்கும் கோடுகள் மேற்பரப்பில் வரையப்பட்டவை. ஏரியின் உயிர் இயக்கத்தைத் தீர்மானிக்கும் எல்லையோ நீருக்குள், மேற்பரப்பிலிருந்து 100 முதல் 200 மீட்டர் ஆழத்தில், கரைக்குக் கரை கிடையாகப் பரந்து கிடக்கிறது. முன்னதை அரசுகள் வகுத்தன. பின்னதைக் காற்றும் வெப்பமும் வகுக்கின்றன. இவற்றுள் பின்னதை மறந்துவிட்டு முன்னதை மட்டும் கொண்டு ஏரியை ஆள முயன்றதே கடந்த நூற்றாண்டின் பெரும் பிழை என்பது இவ்வுரையின் நிலைப்பாடு. அதை நிறுவுவதற்கு ஏரியின் பிறப்பிலிருந்து தொடங்குவது முறையாகும்.

ஆப்பிரிக்கக் கண்டத்தின் கிழக்குப் பகுதி, புவியோட்டின் இழுவிசையால் மெல்லப் பிளந்துகொண்டிருக்கிறது. இப்படிப் பிளக்கும் இடத்தில் இரு பக்க நிலமும் விலக, இடைப்பட்ட பகுதி கீழே இறங்குவதால் உண்டாகும் நீண்ட தாழ்வுக்குப் பிளவுப் பள்ளத்தாக்கு என்று பெயர். தங்கனீக்கா அதன் மேற்குக் கிளையில் அமைந்தது. அதன் அடித்தளம் இரு பக்கமும் சமமாக இறங்கிய அகழியாக இல்லை. ஓரிடத்தில் மேற்குப் பக்கம் செங்குத்தாக முறிந்து இறங்க, கிழக்குப் பக்கம் கதவு சாய்வதைப்போலச் சரிந்திருக்கிறது. சிறிது தொலைவு சென்றதும் முறிவு எதிர்க்கரைக்கு மாறுகிறது. அரைப்பிளவு என்று புவியியலார் குறிக்கும் இத்தகைய பள்ளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டதனால்தான் ஒரு கரையில் மலை நேரே நீருக்குள் இறங்கும் இடத்தில் எதிர்க்கரை பெரும்பாலும் தாழ்ந்த சமவெளியாகவும் ஆற்று முகத்துவாரமாகவும் இருக்கிறது. வடக்குப் பள்ளம் 1,300 மீட்டர் ஆழத்தைத் தாண்டுகிறது. தெற்குப் பள்ளத்தில் உச்ச ஆழமான 1,470 மீட்டர் அமைகிறது. இடையே நீருக்கடியில் ஒரு மேட்டுப் பகுதி இரண்டையும் பிரிக்கிறது. ஏரியின் மேற்பரப்பு கடல் மட்டத்திலிருந்து சுமார் 770 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அதன் அடித்தளம் கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 700 மீட்டருக்கு இறங்கிவிடுகிறது. அந்த அடித்தளத்துக்கும் கீழே, பாறையை எட்டும் வரை, சில கிலோமீட்டர் தடிமனுக்கு வண்டல் படிந்திருக்கிறது. ஏரியின் நடுப்பகுதியின் வயது 90 இலட்சம் முதல் 120 இலட்சம் ஆண்டுகள் வரை என்ற மதிப்பீடு இந்த வண்டலின் தடிமனையும் அது படியும் வேகத்தையும் கொண்டு கணிக்கப்பட்டது. பொதுவாக ஏரிகள் சில ஆயிரம் ஆண்டுகளில் தூர்ந்துபோகும் குறுவாழ்வின. இத்தனை நெடிய வாழ்வுடைய ஏரிகளை உலகில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஏரிக்கு நீர் வரும் வழிகளும் போகும் வழியும் வயதால் வேறுபட்டவை. கிழக்கே தான்சானியாவிலிருந்து வரும் மலகராசி ஆறு, ஏரியைவிட மூத்தது என்று கருதப்படுகிறது. பிளவு உண்டாவதற்கு முன் அது மேற்கே ஓடிக் காங்கோ ஆற்றுத் தொகுதியில் கலந்திருக்க வேண்டும், இடையில் நிலம் இறங்கியதால் அதன் பாதை அறுந்து ஏரியில் முடிகிறது. வடக்கே கீவு ஏரியிலிருந்து வரும் ருசிசி ஆறு மிக இளையது. கீவு ஏரி ஒரு காலத்தில் வடக்கு நோக்கி நைல் ஆற்றுத் தொகுதிக்கு நீர் அனுப்பிக்கொண்டிருந்தது; விருங்கா எரிமலைகளின் குழம்பு அந்த வழியை அடைத்துவிடவே, கடைசிப் பனியூழி முடிந்த காலத்தை ஒட்டி அது தெற்கே வழிந்து தங்கனீக்காவை அடைந்தது. தெற்கு முனையருகே சாம்பியாவுக்கும் தான்சானியாவுக்கும் எல்லையாக ஓடிவரும் கலம்போ ஆறு, 200 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து ஒரே பாய்ச்சலில் விழுகிறது. அந்த அருவிக்கு மேல் ஆற்றோர மணலில், ஒன்றோடு ஒன்று பொருந்தும்படி செதுக்கி அமைத்த இரு மரக்கட்டைகள் கிடைத்தன. அவற்றின் வயது 4,76,000 ஆண்டுகள் என்று 2023-ல் அறிவிக்கப்பட்டது. மரத்தால் மனித இனம் கட்டியவற்றுள் இன்றுவரை அறியப்பட்டதில் மிகப் பழமையானது அதுவே. இக்கால மனிதர் தோன்றுவதற்கு முன்பே இந்த ஏரிக்கரை குடியிருப்பாக இருந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நீர் வெளியேறுவதற்கு மேற்குக் கரையில் கலேமி நகருக்கு அருகே லுகுகா என்ற ஓர் ஆறு மட்டுமே உண்டு. அது காங்கோ ஆற்றுத் தொகுதியில் சேர்கிறது. ஆனால் ஏரி இழக்கும் நீரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு ஆவியாகவே போய்விடுகிறது. லுகுகாவின் பங்கு சிறிது. வரவும் செலவும் இவ்வாறு மழையையும் வெயிலையும் நம்பி நிற்பதால், பருவமழையில் நேரும் சிறு மாற்றமும் நீர்மட்டத்தில் பெரிதாகத் தெரியும். மழை நெடுங்காலம் குறைந்த பனியூழிக் காலங்களில் ஏரி பல நூறு மீட்டர் தாழ்ந்திருந்தது என்பதை அடித்தள வண்டலின் அமைப்பு காட்டுகிறது.

இந்த நுட்பமான சமநிலையை ஐரோப்பியப் பயணிகள் முதலில் புரிந்துகொள்ளவில்லை. 1858 பிப்ரவரியில் உஜிஜியை அடைந்த ரிச்சர்ட் பர்ட்டனும் ஜான் ஸ்பீக்கும், தங்கனீக்காவே நைலின் தலைநீரா என்ற வினாவைக் கிளப்பினர்; 1871-ல் உஜிஜியில் சந்தித்த டேவிட் லிவிங்ஸ்டனும் ஹென்றி ஸ்டான்லியும் ஏரியின் வடமுனைக்குப் படகில் சென்று, ருசிசி ஏரிக்குள் வருகிறதேயன்றி ஏரியிலிருந்து போகவில்லை என்று கண்டதும் அந்த வினா வலுவிழந்தது. அப்படியானால் நீர் எங்கே போகிறது என்ற கேள்வி எஞ்சியது. 1874-ல் லவெட் கேமரன் லுகுகாவே வெளியேறும் வாய் என்றார். 1876-ல் ஏரியைச் சுற்றிவந்த ஸ்டான்லி அதே இடத்தில் நாணலும் நீர்ச்செடிகளும் வண்டலும் அடைத்துக் கிடப்பதைக் கண்டு, நீர் இப்போது வெளியேறவில்லை, ஆனால் மட்டம் ஏறிக்கொண்டிருப்பதால் விரைவில் வெளியேறும் என்று கணித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அடைப்பு உடைந்தது. உஜிஜியில் தங்கியிருந்த கிறித்தவ மறைப்பணியாளர் எட்வர்ட் ஹோர் அதன்பின் மட்டம் இறங்குவதைத் தொடர்ந்து குறித்துவைத்தார். அந்நூற்றாண்டு முடிவதற்குள் ஏரி ஏறத்தாழ 10 மீட்டர் தாழ்ந்தது. இப்பயணிகளுள் புவியியலுக்கு மிகுந்த பயன் தந்தவர் புகழ்பெற்ற மற்றவர்கள் அல்லர், கரையில் நிலையாக வாழ்ந்து அளவெடுத்த ஹோர் என்றே மதிப்பிட வேண்டும். 1960-களின் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் ஏரி மீண்டும் சில மீட்டர் ஏறியது. 2020-க்குப் பின்னும் அதுவே நிகழ்ந்து, புருண்டியின் புஜும்புரா துறைமுகத்தையும் அருகிலுள்ள கட்டும்பா குடியிருப்புகளையும் நீர் சூழ்ந்தது. வீடுகளை இழந்தவர்களுக்கு அது புதிய பேரிடர். ஏரியின் வரலாற்றிலோ அது பலமுறை வந்துபோன ஒன்று.

அரசியல் எல்லையின் கதை இதனினும் சுருக்கமானது. 1885-ல் பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் காங்கோ சுதந்திர அரசு, தங்கனீக்காவின் நடுக்கோட்டைத் தன் கிழக்கெல்லையாக அறிவித்தது. இரு கரைகளிலிருந்தும் சம தொலைவில் செல்வதாகக் கற்பனை செய்யப்படும் கோடே நடுக்கோடு. அப்போது ஏரியின் ஆழம் எவருக்கும் தெரியாது. 1890-ல் பிரிட்டனும் ஜெர்மனியும் செய்துகொண்ட உடன்படிக்கையால் கிழக்குக் கரை ஜெர்மனிக்கும் தெற்கு முனை பிரிட்டனுக்கும் போயின. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியின் பங்கு பிரிட்டனுக்கும் பெல்ஜியத்துக்கும் பிரிந்தபோது வடகிழக்கு மூலை தனியாயிற்று. 1960-க்கும் 1964-க்கும் இடையே நான்கு நாடுகளும் விடுதலை பெற்றபோது, குடியேற்ற அரசுகள் வரைந்த கோடுகள் அப்படியே நாட்டெல்லைகளாகிவிட்டன.

அந்த வரலாற்றின் சான்றாக ஒரு கப்பல் எஞ்சியுள்ளது. ஜெர்மனியின் பாப்பன்பர்க் நகரில் 1913-ல் கட்டப்பட்ட கிராஃப் ஃபான் கோட்சன், பிரித்தெடுக்கப்பட்டுப் பெட்டிகளில் கடல் வழியாகவும் இரயில் வழியாகவும் கிகோமா வந்து, மீண்டும் பூட்டப்பட்டு 1915-ல் ஏரியில் இறங்கியது. 1916-ல் பின்வாங்கிய ஜெர்மானியர் அதை மூழ்கடித்தனர். 1924-ல் பிரிட்டானியர் அதை மேலே எடுத்து, பழுதுபார்த்து, லியம்பா என்று பெயரிட்டு 1927 முதல் ஓட்டினர். கிகோமாவுக்கும் சாம்பியாவின் ம்புலுங்குவுக்கும் இடையே பல பத்தாண்டுகள் பயணிகளைச் சுமந்த அதே கப்பல், 2015-ல் புருண்டியின் கலவரத்துக்குத் தப்பிக் ககுங்கா என்ற ஏரிக்கரை மணல்துண்டில் நெருக்கியடித்து நின்ற அகதிகளைக் கிகோமாவுக்குக் கொண்டுசேர்த்தது. போரில் பயன்பட்ட கலத்துக்கு இதைவிட நல்ல பணி வாய்த்திருக்க முடியாது.

இனி நீருக்குள் இருக்கும் எல்லைக்கு வரலாம். வெப்பநாட்டு ஏரியாதலால் தங்கனீக்காவின் மேல்நீர் ஆண்டு முழுவதும் 24 முதல் 28 பாகை செல்சியஸ் வரை வெப்பமாக இருக்கிறது. அடிநீர் 23 பாகையைச் சற்றே தாண்டுகிறது. வேறுபாடு சில பாகைகளே எனினும், வெப்பமான நீர் இலேசானது, குளிர்ந்த நீர் கனமானது. இந்தச் சிறு வேறுபாடே இரண்டும் கலவாதபடி தடுக்கப் போதுமானது. குளிர்நாட்டு ஏரிகளில் பனிக்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கீழிறங்க, ஏரி முழுவதும் புரண்டு கலக்கும். தங்கனீக்காவில் அது நிகழ்வதே இல்லை. எனவே காற்றிலிருந்து கரையும் ஆக்சிஜன் வடக்கே சுமார் 100 மீட்டர், தெற்கே சுமார் 200 மீட்டர் ஆழம் வரை மட்டுமே செல்கிறது. அதற்குக் கீழே, ஏரியின் பெரும்பகுதியாகிய நீர் முழுவதும், ஆக்சிஜன் அற்று, அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு கரைந்து, மீனுக்கு நஞ்சாகக் கிடக்கிறது. அங்கே உயிர் வாழ்வன சில வகை நுண்ணுயிர்களே. ஆறில் ஒரு பங்கு நன்னீர் என்று சொல்லும்போது, அதில் மீன் வாழக்கூடியது மேலே மிதக்கும் ஒரு மெல்லிய அடுக்கு மட்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மேலடுக்கில் செத்து விழும் பாசியும் உயிரிகளும் கீழிறங்கிச் சிதையும்போது, அவற்றிலிருந்த பாஸ்பரசு, நைட்ரஜன், சிலிக்கா போன்ற சத்துகள் அடிநீரில் சேர்கின்றன. வெளிச்சமும் ஆக்சிஜனும் மேலே, உரம் கீழே என்ற நிலை இது. அந்த உரத்தை மேலே கொண்டுவருவது காற்று. மே முதல் செப்டம்பர் வரை தென்கிழக்கிலிருந்து ஏரியின் நீளவாக்கில் ஓயாது வீசும் காற்று, வெதுவெதுப்பான மேல்நீரை வடக்கே தள்ளிக் குவிக்கிறது. அப்போது இரு அடுக்குகளையும் பிரிக்கும் தளம் தெற்கே மேலெழுந்து, வடக்கே ஆழ்ந்து, சாய்ந்து நிற்கிறது. சத்து நிறைந்த நீர் தெற்கு முனையில் மேலே வருகிறது. சாம்பியக் கரையில் பாசி பெருகிப் பசுமை பூக்கிறது. காற்று ஓய்ந்ததும், சாய்த்த தட்டை நிமிர்த்தினால் நீர் இங்கும் அங்கும் அலைவதைப்போல, அந்தத் தளம் ஏரியின் நீளம் முழுவதும் மேலும் கீழும் ஊசலாடத் தொடங்குகிறது. மேற்பரப்பில் இருப்பவர் எதையும் காண்பதில்லை. நீருக்கடியிலோ பல பத்து மீட்டர் உயர அலை, ஒரு முறை போய்வருவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் எடுத்துக்கொண்டு, வாரக்கணக்கில் அசைகிறது. உள்ளலை எனப்படும் இதன் ஒவ்வோர் அசைவும் வடக்கிலும் சிறிது உரத்தை வெளிச்சத்துக்கு உயர்த்துகிறது. சாம்பியாவின் நீரில் வீசிய காற்று, சில வாரம் கழித்துப் புருண்டி மீனவரின் வலையில் மீனாக விளைவதற்கு இதுவே வழி.

அந்த மீன்கள் மிகச் சிலவே. நடு ஏரியில் திரளாக வாழ்பவை மத்தி, சாளை இனத்தைச் சேர்ந்த இரண்டு சிறு மீன்களும், அவற்றை உண்ணும் லேட்டஸ் என்ற இனத்தின் நான்கு மீன்களும். விரல் நீளமே உள்ள அச்சிறு மீன்கள் கடல்மீன்களின் வழிவந்தவை. தான்சானியாவில் அவை டகா, புருண்டியிலும் காங்கோவிலும் ண்டகலா, சாம்பியாவில் கப்பெண்டா. லேட்டஸ் இனத்தில் மிகுதியாகக் கிடைப்பது தான்சானியாவில் மிகெபுகா, புருண்டியில் முகெக்கே. பிடிக்கும் முறை பெரும்பாலும் ஒன்றே. நிலவில்லாத இரவில், இரண்டு ஓடங்களை மரச்சட்டங்களால் இணைத்து, இடையே வலையை ஆழ இறக்கி, நீரின்மேல் விளக்குகளைத் தொங்கவிட்டுக் காத்திருப்பர். ஒளியைத் தேடிவரும் நுண்ணுயிர்களைத் தொடர்ந்து சிறுமீன் கூட்டமும், அதைத் தொடர்ந்து மிகெபுகாவும் மேலே வரும். வலையை நான்கு மூலையிலும் ஒருசேரத் தூக்குவர். முழுநிலவை ஒட்டிய நாள்களில் விளக்குக்கு மீன் வராது. வலையைச் செப்பனிடும் நாள்கள் அவை. விடிந்ததும் பெண்கள் மீனை வாங்கிக் கரை மணலிலோ உயர்த்திக் கட்டிய வலைத்தட்டிகளிலோ பரப்பி, ஒரு பகல் வெயிலில் கருவாடாக்குகின்றனர். மணல் ஒட்டாத தட்டிக் கருவாட்டுக்கு விலை கூடுதல். குளிர்சாதனம் இல்லாத உட்பகுதிகளுக்கும் செல்லக்கூடிய புரதம் இதுவாதலால், ஏரியைச் சூழ்ந்து வாழும் ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்களின் உணவில் இச்சிறு மீனுக்கு உள்ள இடம் மிகப் பெரிது.

கரையோரப் பாறைகளின் உலகம் முற்றிலும் வேறு. தமிழ்நாட்டு ஏரி குளங்களில் ஜிலேபி கெண்டை என்று விற்கப்படும் மீன் சேர்ந்த சிக்லிட் குடும்பத்தில், இந்த ஓர் ஏரியில் மட்டும் 200-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. கிட்டத்தட்ட அவை அனைத்தும் வேறெங்கும் இல்லாதவை. காலிச் சங்கு ஓட்டுக்குள் குடும்பம் நடத்துவன, முட்டையை வாய்க்குள் வைத்துப் பொரிப்பன, பாறைப்பாசியை மட்டும் சுரண்டித் தின்பன என ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பிழைப்பை வகுத்துக்கொண்டிருக்கிறது. பெரிசோடஸ் என்ற மீன் பிற மீன்களின் செதிலைப் பின்புறமிருந்து பாய்ந்து பிய்த்து உண்கிறது. அதன் வாய் நேராக இல்லாமல் சிலவற்றில் இடப்பக்கமும் சிலவற்றில் வலப்பக்கமும் கோணியிருக்கும். ஒரு பக்கக் கோணல் பெருகினால், இரையாகும் மீன்கள் அந்தப் பக்கத்தைக் காவல் காக்கப் பழகிவிடும். உடனே மறுபக்கக் கோணலுக்கு ஆதாயம். இதனால் இரு வகையும் ஏறத்தாழச் சரிபாதியாகவே நிலைக்கின்றன என்பதை ஜப்பானிய ஆய்வாளர் மிச்சியோ ஹோரி 1993-ல் விளக்கினார். பாறையை விட்டு நகராத டுரோஃபியஸ் என்ற சிக்லிட்டுக்குச் சில கிலோமீட்டர் மணற்பரப்பே கடக்க முடியாத தடை. எனவே ஒவ்வொரு பாறைக் கரையிலும் அது வேறு நிறம் கொள்கிறது. காடழிந்த மலைச்சரிவுகளிலிருந்து, குறிப்பாக வடக்கே புருண்டிப் பக்கத்திலிருந்து, மழையோடு இறங்கும் மண் பாறை இடுக்குகளை மூடும்போது இவ்வினங்கள் இடம் பெயர வழியின்றி அழிகின்றன. மீன் குறைவதைப் பற்றிய பேச்சில் இந்த மண்ணரிப்புக்குக் கிடைக்கும் கவனம் போதாது.

நடு ஏரியின் மீன்வளம் குறைந்துவருவதற்கு மிகைப்பிடிப்பே காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2003-ல் நேச்சர் இதழில் கேத்தரின் ஓ'ரைலியும் உடன் ஆய்வாளர்களும் வேறொரு காரணத்தை முன்வைத்தனர்: ஏரி வெப்பமடைந்து, காற்றும் தணிந்ததால் அடுக்குகளின் கலப்பு குறைந்து, பாசி உற்பத்தி ஏறத்தாழ 20 விழுக்காடு வீழ்ந்திருக்கக்கூடும்; மீன் விளைச்சலில் அது ஏறத்தாழ 30 விழுக்காட்டு இழப்பாகும். ஆண்ட்ரூ கோஹன் குழு 2016-ல் வெளியிட்ட ஆய்வு, அடிவண்டலில் புதைந்த மீன் எச்சங்களை அடுக்கடுக்காக எண்ணி, வணிக மீன்பிடிப்பு தொடங்குவதற்கு முன்பே, வெப்பம் ஏறத் தொடங்கிய 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே வீழ்ச்சி தொடங்கியதைக் காட்டியது. மேல்நீர் வெப்பமாகும்தோறும் அடுக்குகளைப் பிரிக்கும் தளம் இறுகுகிறது. முன்பு கலக்கிய காற்று இப்போது கலக்கப் போதுவதில்லை. இதனால் மிகைப்பிடிப்புக் குற்றமற்றது ஆகிவிடாது. விளைச்சல் சுருங்கும் ஏரியில் ஓடங்களும் விளக்குகளும் பெருகினால் சேதம் இரட்டிப்பாகும் என்பதே இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர் அடையும் முடிவு.

நான்கு நாடுகளும் 2003 ஜூனில் ஏரியின் நிலையான மேலாண்மைக்கான உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதன்படி புஜும்புராவைத் தலைமையிடமாகக் கொண்ட தங்கனீக்கா ஏரி ஆணையம் உருவாயிற்று. 2021 இறுதியில் மீன்வளம் பற்றிய பொது விதிகளுக்கும் அவை இசைந்தன. அதன் விளைவாக மே 15 முதல் ஆகஸ்டு 15 வரை மூன்று மாதத் தடைக்காலம் ஏரியில் நடைமுறைக்கு வந்தது. 2024-ல் தான்சானியாவும் தன் நீரில் அதைச் செயல்படுத்தியது. இம்மாதங்களே தென்கிழக்குக் காற்று வீசிக் கீழ்நீரை மேலே கொண்டுவரும் மாதங்கள் என்பது கவனிக்கத்தக்கது. உரம் ஏறும் காலத்தில் ஏரிக்கு ஓய்வு கிடைக்கிறது. அன்றாடக் கூலியை நம்பிய மீனவக் குடும்பங்களுக்கு அந்த மூன்று மாதம் கடுமையானது. தடைக்கால உதவித்தொகை இல்லாமல் தடையை மட்டும் விதிப்பது நெடுநாள் நிலைக்காது. ஒரு நாடு கடைப்பிடித்து மற்றொன்று கைவிட்டாலும் பயனில்லை, ஏனெனில் மீன் கூட்டங்கள் நடுக்கோட்டைக் கடந்தே திரிகின்றன.

புவியியல் பாடநூல்கள் இன்றும் இந்த ஏரியை மேலிருந்து பார்த்த படமாக மட்டுமே, நான்கு நாடுகளின் நிறங்களுக்கு இடையே ஒரு நீலக் கீற்றாக அச்சிடுகின்றன. தெற்கிலிருந்து வடக்கு வரை ஏரியை நெடுக அறுத்துக் காட்டும் ஒரு வெட்டுப்படத்தையும், அதில் ஆக்சிஜன் முடியும் கோட்டையும், தமிழில் புவியியல் எழுதுவோரும் கற்பிப்போரும் இனிச் சேர்த்தே வரைய வேண்டும்.